சென்னையில் பெரிய வீடு வாடகைக்கு: பழைய பிளாட்டா, உயர்மாடியா, தனி வீட்டு மாடியா?

மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு அக்கம்பக்கம் வாடகை கொடுக்க முடியும் என்றால் சென்னையின் நல்ல ஏரியாக்களில் வீடு கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. ஆழ்வார்பேட்டை, ராஜா அண்ணாமலைபுரம், போட் கிளப், நுங்கம்பாக்கம், அடையாறு காந்தி நகர், பெசன்ட் நகர், அண்ணா நகர் என்று எங்கே கேட்டாலும் புரோக்கர் ஒரே நாளில் நாலு வீடு காட்டிவிடுவார். தேடுபவர்கள் பெரும்பாலும் ஏரியாவை முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு வீட்டின் உள்ளே டைல்ஸும் கிச்சனும் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கிற கட்டடத்தை யாரும் பார்ப்பதில்லை. மூன்று வருடம் அந்த வீட்டில் நிம்மதியாக இருப்போமா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கட்டடமும் அதன் சொந்தக்காரரும்தான்.

இந்த ஏரியாக்களில் மூன்று அல்லது நாலு பெட்ரூம் கொண்ட பெரிய வீடு மூன்று வகையாகக் கிடைக்கிறது. முதலாவது, 1985 முதல் 2005 வரை கட்டிய ஸ்டில்ட் பிளஸ் மூன்று மாடிக் கட்டடம். ஸ்டில்ட் என்பது தூண்கள் மட்டும் நிற்கிற, கார் நிறுத்தும் தரைத்தளம். மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு வீடுகள் இருக்கும். இரண்டாவது, கடந்த பதினைந்து ஆண்டுகளில் எழும்பிய உயர்மாடிக் குடியிருப்பு. கிளப் ஹவுஸ், நீச்சல் குளம், செக்யூரிட்டி எல்லாம் இருக்கும். மூன்றாவது, தனி வீட்டின் ஒரு முழு மாடி. கீழே சொந்தக்காரர், மேலே வாடகைக்காரர். பழைய கட்டடத்தை இடித்துவிட்டு அதே மனையில் தளத்துக்கு ஒரு வீடாகக் கட்டிய புதுக் கட்டடங்களும் இப்போது நிறைய வந்துவிட்டன. அவை முதல் வகைக்கும் இரண்டாவது வகைக்கும் நடுவில் நிற்பவை. அவற்றுக்குக் கடைசியில் வருவோம்.

முதலில் சதுர அடி

விளம்பரத்தில் போடும் சதுர அடியை வைத்து இந்த மூன்றையும் ஒப்பிட முடியாது. உயர்மாடியில் 2,400 சதுர அடி என்று சொன்னால் அதில் லிஃப்ட் லாபி, படிக்கட்டு, கிளப் ஹவுஸ் பங்கு எல்லாம் சேர்ந்திருக்கும். சுவருக்குள் நமக்குக் கிடைப்பது எழுபது சதவீதம், அதாவது 1,680 சதுர அடி அளவில் இருக்கும். பழைய சிறு கட்டடத்தில் பொது இடமே குறைவு என்பதால் 2,000 சதுர அடி என்றால் 1,650 வரை கைக்கு வரும். தனி வீட்டு மாடியில் சொல்லும் அளவுக்கும் இருக்கும் அளவுக்கும் வித்தியாசம் சுவர்த் தடிமன் மட்டும்தான். ஆக 400 சதுர அடி பெரியது என்று நினைத்துக்கொண்டு அதிக வாடகைக்குப் போகிற வீடு, உள்ளே கிட்டத்தட்ட அதே அளவாகத்தான் இருக்கும்.

ஒரு லேசர் அளவுமானியோ சாதாரண டேப்போ எடுத்துக்கொண்டு போய் ஹால், பெட்ரூம்கள், கிச்சன், யுடிலிட்டி ஆகியவற்றின் உள்ளளவை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. பால்கனியைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்குக்காக மூன்று வீடுகளை எடுத்துக்கொள்வோம். பழைய பிளாட்: வாடகை 95,000, பராமரிப்பு 5,000, மொத்தம் ஒரு லட்சம். உள்ளளவு 1,650 என்றால் சதுர அடிக்கு 60 ரூபாய் 60 காசு. உயர்மாடி: வாடகை 1,30,000. பராமரிப்பு, சொல்லும் பரப்பான 2,400 சதுர அடிக்கு 6 ரூபாய் வீதம் 14,400. மாதப் பராமரிப்பு 7,500 ரூபாயையும் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தையும் தாண்டும்போது 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும். முழுத் தொகைக்கும் வசூலிக்கிற சங்கமாக இருந்தால் அது 2,592. மொத்தம் 1,46,992, உள்ளளவுக்குச் சதுர அடி 87 ரூபாய் 50 காசு. தனி வீட்டு மாடி: வாடகை ஒரு லட்சம், பராமரிப்பு என்று தனியாக எதுவும் இல்லை. ஆனால் மோட்டார் கரண்ட், தொட்டி கழுவுவது, வாசல் பெருக்குவது எல்லாம் நம் தலையில்தான். மாதம் மூன்று நாலாயிரம் ஆகிவிடும்.

உயர்மாடிக்கு மாதம் 47,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். அதற்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. நீச்சல் குளத்தையும் ஜிம்மையும் வீட்டில் யாரும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது பயன்படுத்தப் போவதில்லை என்றால் அவற்றைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். மின்சாரம், தண்ணீர், லிஃப்ட், பாதுகாப்பு என்ற நாலு மட்டும் பாருங்கள்.

தண்ணீர்

2019 கோடையில் பூண்டி, செங்குன்றம், சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது வசதியான ஏரியா என்று எதுவும் தப்பவில்லை. அதற்குப் பிறகும் வீடு பார்க்கிறவர்கள் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். மேல்தொட்டி நிரம்பியிருந்தால் எந்த வீட்டிலும் தண்ணீர் வரும்.

கேட்க வேண்டியவர் வாட்ச்மேன். "அண்ணே, மே மாசத்துல வாரத்துக்கு எத்தனை லாரி வரும்? மெட்ரோ வாட்டர் தெனமும் வருதா, ஒருநாள் விட்டு ஒருநாளா?" என்று கேட்டால் அவர் சரியாகச் சொல்லிவிடுவார். சம்ப்பின் கொள்ளளவையும் கேளுங்கள். பெரிய வீடு, ஐந்து பேர், வேலைக்கு வருபவர்கள், கார் கழுவுவது என்று பார்த்தால் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு 800 லிட்டர் ஆகும். எட்டு வீட்டுக் கட்டடத்துக்கு 6,400 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று இரண்டு நாள் முழுசாக வராது. அந்த லாரிச் செலவு பராமரிப்பில் அடக்கமா, கோடையில் தனியாகப் பிரிப்பார்களா என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிறு கட்டடங்களில் சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான்.

150 வீடுகள் கொண்ட உயர்மாடியில் இதே கணக்கில் ஒரு நாளைக்கு 1,20,000 லிட்டர், அதாவது பத்து லாரி. அதனால் அங்கே கழிவுநீரைச் சுத்திகரித்து ஃபிளஷுக்கு விடும் நிலையம் இருக்கும். அது ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள இன்ஜினியர் வேண்டாம். டாய்லெட்டில் ஃபிளஷ் செய்து பத்து விநாடி நில்லுங்கள். தண்ணீர் மஞ்சளாக, வாடையோடு வந்தால் நிலையம் சரியாக இயங்கவில்லை. அந்த வாடை நீங்கள் குடிவந்த பிறகும் போகாது.

தண்ணீரின் தரத்தைக் காட்டுவது பாத்ரூம். குழாய் முனையில் இருக்கும் வலையைக் கழற்றிப் பாருங்கள். பழுப்புக் கறை இருந்தால் இரும்பு, வெள்ளைப் பொருக்கு இருந்தால் கடினநீர். கடினநீரில் கீசர் காயில் சீக்கிரம் போகும், வாஷிங் மெஷின் அடைக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். கிச்சன் குழாயில் ஒரு அளவு, மெட்ரோ தண்ணீர் தனிக் குழாயாக வந்தால் அதில் ஒரு அளவு எடுத்துப் பாருங்கள். தனி வீடுகளில் மெட்ரோ தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் தனித்தனித் தொட்டி வைத்திருப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் தனி வீட்டு மாடிதான் மூன்றிலும் நல்லது. குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர் தனியாக வரும், லாரிச் செலவைப் பங்கிட வேண்டியவர்களும் இரண்டே குடும்பம்.

கரண்ட்

பெரிய வீட்டில் மூன்று ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடும். 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் எடுக்கும் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 1,440 யூனிட். ஃபிரிட்ஜ், கீசர், மற்றவை 400 யூனிட். மொத்தம் 1,840. 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். பிறகு படிப்படியாக ஏறி, 1,000 யூனிட்டுக்கு மேல் யூனிட்டுக்கு 11 ரூபாய் 80 காசு. கூட்டினால் 16,922 ரூபாய் வரும்.

மாடி எது என்பது இங்கேதான் பணமாக மாறுகிறது. பழைய கட்டடத்தின் மேல்தளத்தில் மொட்டைமாடி வெயிலில் காய்ந்து இரவு பதினொரு மணி வரை சூட்டை உள்ளே விடும். ஏசி ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினால் மூன்று ஏசிக்கு இரண்டு மாதத்தில் 180 யூனிட். அது உச்சப் படியில் விழுவதால் 2,124 ரூபாய். மொட்டைமாடியில் வெள்ளை ஓடு பதித்திருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. மேல்தள வீட்டை மாலை நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள், காலை பத்து மணிக்குப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சீலிங்கில் கையளவு வட்டமாகப் பெயிண்ட் உப்பியிருந்தாலோ, மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தாலோ மழைக்காலத்தில் ஒழுகுகிறது என்று அர்த்தம். புதுப் பெயிண்ட் அதை மறைத்திருக்கும். விரல் நுனியால் தட்டினால் உள்ளே பூச்சு விட்டிருக்கும் இடத்தில் சத்தம் பொள்ளென்று கேட்கும்.

பழைய பிளாட்களில் வயரிங் பெரிய தலைவலி. 1990-களில் இரண்டு ஏசிக்கு என்று போட்ட வயரிங்கில் இன்று நாலு ஏசி, மைக்ரோவேவ், டிஷ்வாஷர், இண்டக்‌ஷன் எல்லாம் ஓட வேண்டும். மெயின் போர்டைத் திறந்து மூன்று பேஸ் இணைப்பா, மின்கசிவைத் தடுக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா, ஒவ்வொரு ஏசிக்கும் லோடு கூடினால் தானாக அணையும் எம்சிபி சுவிட்ச் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். கிச்சனில் 16 ஆம்பியர் பாயிண்ட் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டுக்குக் குறைவாக இருந்தால் ஒப்பந்தம் போடும் முன்பே சொந்தக்காரர் செலவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். குடிவந்த பிறகு கேட்டால் நடக்காது. ஜன்னல் ஏசிக்கு ஓட்டை விட்டு, ஸ்ப்ளிட் ஏசியின் வெளி யூனிட் வைக்க இடமே விடாத வீடுகளும் உண்டு. அங்கே வடிநீர்க் குழாய் பால்கனியில் தொங்கும், கீழ்வீட்டுக்காரரோடு தினமும் பேச்சு வரும்.

ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். சிறு கட்டடத்தில் லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் பொது விளக்குக்கும் மட்டும் இருக்கும். உயர்மாடியில் வீட்டுக்குள்ளும் வரும், சில இடங்களில் ஏசி உட்பட முழுசாக வரும். ஆனால் ஜெனரேட்டர் யூனிட்டுக்குத் தனி மீட்டர், தனி விலை. ஒரு லிட்டர் டீசலில் மூன்று முதல் மூன்றரை யூனிட்தான் கிடைக்கும் என்பதால் யூனிட் 25 ரூபாய்க்கு மேல் போகும். இதைப் பற்றிக் குறை சொல்ல முடியாது, வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கும் ஆக்சிஜன் கருவி வைத்திருக்கும் முதியவர்களுக்கும் இதற்காகவே உயர்மாடி சரி. மற்றவர்களுக்கு ஒரு நல்ல இன்வெர்ட்டர் போதும்.

பொது மின்கட்டணத்தில் சிறு கட்டடத்துக்கு ஒரு சலுகை உண்டு. பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத அடுக்ககங்களுக்குப் பொதுப் பயன்பாட்டுக் கட்டணத்தை 2023 அக்டோபரில் யூனிட்டுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். லிஃப்ட் இருந்தால் அது கிடையாது.

லிஃப்ட், கார், வயதானவர்கள்

அப்பா அம்மா கூட இருந்தால் லிஃப்ட்டைத் தவிர வேறு எதையும் முதலில் பார்க்காதீர்கள். சிறு கட்டடங்களில் இருப்பது நாலு பேர் அல்லது ஆறு பேர் லிஃப்ட். உள்ளே தகடு இருக்கும்: ஆறு பேர், 408 கிலோ. அதில் சக்கர நாற்காலியும் தள்ளுபவரும் நெருக்கியடித்துக்கொண்டு போகலாம். ஸ்ட்ரெச்சரைப் படுக்கவைத்துக் கொண்டுபோக முடியாது. ஆம்புலன்ஸ் ஆட்கள் நாற்காலியில் உட்காரவைத்துப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். உயர்மாடியில் ஸ்ட்ரெச்சர் நுழையும் சர்வீஸ் லிஃப்ட் தனியாக இருக்கும். நடமாட முடியாதவர் வீட்டில் இருந்தால் மேலே சொன்ன 47,000 ரூபாய்க்கு இது ஒன்றே நியாயம். லிஃப்ட் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள், உள்ளே மாட்டியிருக்க வேண்டும்.

கட்டில், சோபா விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஆறடிக்கு ஆறரையடி மெத்தை சிறிய லிஃப்ட்டில் போகாது. படிக்கட்டுத் திருப்பத்தில் மடங்காத சோபாவைக் கயிறு கட்டிப் பால்கனி வழியாக ஏற்ற வேண்டிவரும். அதற்கு சங்கம் அனுமதிக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கார் நிறுத்த விதிப்படி ஒரு இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். பெரிய எஸ்யூவி 1.85 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். காகிதத்தில் சரியாக வரும். பழைய ஸ்டில்ட்டில் தூண் நடுவே வந்து நிற்கும், கதவு திறக்காது. ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு வண்டி நிறுத்தும் இடத்தை இரண்டு கார் பார்க்கிங் என்று காட்டுவார்கள். முன்னால் நிற்கும் வண்டி அடுத்த வீட்டுடையதாக இருந்தால் காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பும் நேரத்தில் சாவி தேடிக்கொண்டு நிற்க வேண்டும். உங்கள் காரையே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கிப் பாருங்கள். டிரைவர்களும் வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களும் பயன்படுத்த ஒரு கழிப்பறை கீழே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது பூட்டிக் கிடக்கிற கட்டடத்தில் யாரும் நிலைத்து வேலைக்கு வரமாட்டார்கள், வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் நமக்கு நியாயமில்லை.

வெள்ளம், உப்புக்காற்று, மெட்ரோ பணி

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்தில் வீடுகளுக்குள் புகுந்தது. ஆற்றை ஒட்டிய தெருக்களில் வாடகை எவ்வளவு கொடுத்தாலும் இந்த ஆபத்து இருக்கிறது. ஆறு இல்லாத இடத்திலும் பள்ளமான தெரு உண்டு. ஆழ்வார்பேட்டை சீத்தம்மாள் காலனி மழைநீர் தேங்குவதற்குப் பேர்போனது. பழைய கட்டடங்களுக்கு இன்னொரு சிக்கல்: சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் தெரு உயர்ந்துவிட்டது, வாசல் தாழ்ந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தால் உள்ளே இறக்கமாகத் தெரியும். அப்படி இருந்தால் மின் மீட்டர் போர்டும் ஜெனரேட்டரும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன, சம்ப் மூடி தெரு மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். சம்ப்பில் சாக்கடைத் தண்ணீர் கலந்துவிட்டால் முதல் மாடியில் இருந்தாலும் பத்தாவது மாடியில் இருந்தாலும் குளிக்கத் தண்ணீர் இல்லை. 2015, 2021, 2023 மழைகளில் எதுவரை நின்றது என்று தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரிடம் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை.

பெசன்ட் நகர், கலாக்ஷேத்ரா காலனி, எம்ஆர்சி நகரில் மத்தியானத்துக்கு மேல் வரும் கடல்காற்று பெரிய வரம். கிழக்கிலும் தெற்கிலும் ஜன்னல் இருந்தால் மாலையில் ஏசி தேவையே இல்லை. அதே காற்றில் ஜன்னல் கம்பியும் ஏசி வெளி யூனிட்டின் காயிலும் துருப்பிடிக்கும். வீட்டோடு வரும் ஏசிக்கு யார் பழுது பார்ப்பது என்று எழுதிக்கொள்ள மறக்காதீர்கள்.

இரண்டாம் கட்ட மெட்ரோ பணி லஸ், ராயப்பேட்டை, ஆழ்வார்பேட்டை, அடையாறு வழியாகப் போகிறது. தடுப்பு எங்கே வரை வந்திருக்கிறது, பள்ளி வேன் எந்தத் தெருவில் சுற்றி வரும் என்று வார நாளில் காலை எட்டே காலுக்கு நேரில் நின்று பாருங்கள். அண்ணா நகர் பக்கம் அண்ணா நகர் டவர், அண்ணா நகர் கிழக்கு, திருமங்கலம் மெட்ரோ நிலையங்கள் முதல் கட்டத்திலேயே ஓடுகின்றன.

சொந்தக்காரர் யார், எங்கே இருக்கிறார்

இந்த வாடகைக்கு உள்ள வீடுகளின் சொந்தக்காரர்களில் வெளிநாட்டில் இருப்பவர்கள் நிறைய. இது வெறும் தகவல் இல்லை, வாடகைக்காரருக்கு வருமான வரிப் பொறுப்பு. சொந்தக்காரர் இந்தியாவில் வசிப்பவர், வாடகை மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் தனிநபரான நீங்கள் வரி பிடிக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் அது 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகிவிட்டது. வருடத்துக்கு ஒரு தடவை, மார்ச் வாடகையில் பிடித்துக் கட்டினால் போதும், நடுவில் காலி செய்தால் கடைசி மாதத்தில். 1,30,000 வாடகைக்கு வருடம் 31,200 ரூபாய். கட்டத் தாமதமானால் வட்டி தனி, விவரம் தாக்கல் செய்யத் தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் தனி.

சொந்தக்காரர் என்ஆர்ஐ என்றால் கதையே வேறு. 50,000 வரம்பு கிடையாது, எவ்வளவு வாடகையாக இருந்தாலும் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் மாதாமாதம் பிடிக்க வேண்டும். 1,30,000-இல் 40,560. பிடிக்காமல் முழுசாகக் கொடுத்துவிட்டால் அந்த வரியை வருமான வரித்துறை உங்களிடம் கேட்கும். "அம்மா கணக்குல போட்டுடுங்க, வரியெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்பார்கள். பணம் யார் கணக்குக்குப் போகிறது என்பது முக்கியமில்லை, பத்திரம் யார் பெயரில் என்பதுதான் முக்கியம். குறைந்த விகிதத்தில் பிடிக்கலாம் என்ற சான்றிதழை அவர் வருமான வரித்துறையிடம் வாங்கித் தரலாம். வாங்கித் தரும்வரை முழு விகிதம்தான் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஆடிட்டர் செலவு வருடத்துக்குச் சில ஆயிரம், அதையும் வாடகையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வேலை செய்யும் கம்பெனி தன் பெயரில் எடுத்துத் தருவதாக இருந்தால், ஜிஎஸ்டி பதிவுள்ள கம்பெனி வாடகைக்கு 18 சதவீதம் தானே கட்ட வேண்டும். 2022 ஜூலை முதல் இதுதான் நிலை. அந்தத் தொகை உங்கள் வீட்டு வாடகைக்குக் கம்பெனி வைத்திருக்கும் வரம்பில் சேருமா என்று எச்ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்திரம் யார் பெயரில் என்று தெரிந்துகொள்ள வில்லங்கச் சான்றை ஆன்லைனில் எடுக்கலாம். அதில் வங்கிக்கு அசல் பத்திரத்தை ஒப்படைத்த பதிவு இருந்தால் வீட்டின் மேல் கடன் இருக்கிறது. கடன் இருப்பது தப்பில்லை, தவணை நின்றால் வங்கி கையகப்படுத்த வரும்போது உங்கள் அட்வான்ஸ் மாட்டிக்கொள்ளும். அட்வான்ஸ் எவ்வளவு கொடுப்பது என்பதை இதை வைத்து முடிவு செய்யுங்கள்.

பழைய கட்டடத்துக்கு மட்டும் ஒரு கேள்வி கூடுதல்: இடித்துக் கட்டப் பேச்சு நடக்கிறதா? தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் போதும். மனை விலை இருக்கும் நிலையில் ஆழ்வார்பேட்டையிலும் காந்தி நகரிலும் பில்டர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு லட்சம் செலவழித்து அலமாரியும் கொசுவலையும் போட்டுக் குடிவந்த எட்டாவது மாதத்தில் காலி செய்யச் சொன்னால் சும்மா போக முடியாது. ஒப்பந்தத்தில் இப்படி எழுதுங்கள்: முதல் 24 மாதத்துக்குள் மறுகட்டுமானத்துக்காகக் காலி செய்யச் சொன்னால் ஆறு மாத நோட்டீஸ், பெயிண்டிங் தொகை பிடிக்கக் கூடாது, புரோக்கருக்குக் கொடுத்த ஒரு மாத வாடகையைத் திருப்பித் தர வேண்டும்.

தனி வீட்டு மாடியில் சொந்தக்காரர் கீழேயே இருப்பார். குழாய் ஒழுகினால் அன்றைக்கே ஆள் வரும், வாடகையை அடிக்கடி ஏற்றமாட்டார்கள், தெரு அமைதியாக இருக்கும். பதிலுக்கு அசைவம் சமைக்கலாமா, இரவு பதினொரு மணிக்கு விருந்தாளிகள் வரலாமா, மொட்டைமாடி சாவி யாரிடம் இருக்கும், நாய் வளர்க்கலாமா என்று எல்லாம் அவர் மனசுப்படி. இதையெல்லாம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு குடிவந்தால் பிறகு இரண்டு பக்கமும் மனக்கசப்புதான். முதல் சந்திப்பிலேயே, "சார், நாங்க வீட்டுல மீன் சமைப்போம், உங்களுக்குச் சிரமம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

எதை எடுப்பது

நடமாட முடியாதவர் வீட்டில் இல்லை, மூன்று வருடமாவது இருப்போம் என்றால், லிஃப்ட் உள்ள சிறு கட்டடத்தின் முதல் அல்லது இரண்டாவது மாடி. 2000-க்குப் பிறகு கட்டியது, பன்னிரண்டு வீடுகளுக்கு மேல் இல்லாதது, பாதிக்கு மேல் வீடுகளில் உரிமையாளர்களே குடியிருப்பது. உரிமையாளர்கள் இருக்கிற கட்டடத்தில்தான் மோட்டார் உடனே சரியாகும், தொட்டி கழுவப்படும். எல்லாரும் வாடகைக்காரர்களாக இருந்தால் சங்கம் பெயரளவில்தான் இருக்கும்.

வருடத்தில் பாதி நாள் பயணத்தில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்து ஒன்றரை வருடத்தில் திரும்புபவர்கள், சின்னக் குழந்தைகள் கீழே இறங்கி விளையாட வேண்டும் என்பவர்கள் உயர்மாடிக்குப் போகலாம். பணம் அதிகம், தலைவலி குறைவு. முதியவர்களோடு நிதானமாக வாழ்கிற, சொந்தக்காரரோடு ஒத்துப்போகக்கூடிய குடும்பத்துக்குத் தனி வீட்டு மாடி நன்றாக அமையும். ஆனால் படிக்கட்டு மட்டும் இருந்தால் வேண்டாம், எவ்வளவு அழகான வீடாக இருந்தாலும்.

தளத்துக்கு ஒரு வீடாக இடித்துக் கட்டிய புதுக் கட்டடம் பார்க்க மிக நன்றாக இருக்கும், நாலு பக்கமும் ஜன்னல் கிடைக்கும். முதல் வாடகைக்காரராகப் போகும்போது நிரந்தர மின் இணைப்பு வந்துவிட்டதா என்று மீட்டரைப் பாருங்கள். பணி நிறைவுச் சான்று வராமல் கட்டுமானக் காலத் தற்காலிக இணைப்பிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் யூனிட் விலை எகிறும், இலவச 100 யூனிட்டும் கிடையாது. முதல் மழையைப் பார்க்காத கட்டடத்தில் ஒழுகல் எங்கே வரும் என்று கட்டியவருக்கே தெரியாது. அதனால் முதல் வருடப் பழுதுகள் முழுவதும் சொந்தக்காரர் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தமும் அட்வான்ஸும்

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, அது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதினொரு மாதம்தானே என்று விட்டுவிட முடியாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். நடைமுறையில் ஆறு மாதம் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நாம் கையெழுத்துப் போட்டால் அதுவே ஒப்புதலாகிவிடும். 1,30,000 வாடகைக்கு ஆறு மாதம் என்றால் 7,80,000. ஏழு சதவீத வட்டி போட்டுப் பார்த்தால் மாதம் 4,550 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒத்துக்கொண்டால் வாடகையை 2,000 கூட்டித் தருகிறேன் என்று பேசினால் நமக்குத்தான் லாபம், ரிஸ்க்கும் பாதியாகிவிடும்.

பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சென்னை வழக்கம். மூன்று வருடம் இருந்தவரிடமும் பதினொரு மாதம் இருந்தவரிடமும் ஒரே தொகையைப் பிடிப்பது சரியில்லை. அதிகபட்சத் தொகையை ரூபாயில் எழுதி, வரும்போது புதிதாகப் பெயிண்ட் அடித்துத் தந்தால்தான் பிடிக்கலாம் என்றும் சேருங்கள். வாடகை உயர்வு பதினொரு மாதத்துக்கு ஒருமுறையா, பன்னிரண்டுக்கு ஒருமுறையா என்பதைப் பாருங்கள். ஐந்து சதவீதம் என்பது மட்டும் கண்ணில் பட்டு, மாதக் கணக்கு விட்டுப்போகும்.

சாவி வாங்கும் அன்று சொந்தக்காரரோ அவருடைய ஆளோ கூட இருக்கும்போதே எல்லா ஏசியையும் ஒரே நேரத்தில் போட்டு அரைமணி நேரம் ஓடவிடுங்கள். எல்லா பாத்ரூம்களிலும் தரையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். மின் மீட்டர் ரீடிங்கைத் தேதியோடு போட்டோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கடைசி மின்கட்டணம், சொத்து வரி, குடிநீர் வரி, பராமரிப்பு நாலுக்கும் ரசீது நகல் வாங்கிக்கொண்டு, பூட்டுச் சாவிகள் எத்தனை செட் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு மீதி அட்வான்ஸைக் கொடுங்கள்.